அணைத்து வைத்த கிட்டார்

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் ஆறு மாடி அலுவலகத்தில் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. பிரேக் தேய்ந்திருந்தது. மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மச்சானிடமிருந்து போன்.

"மாமா, கடையைக் காலி பண்றேன். அடுத்த மாசக் கடைசிக்குள்ள. என் வீட்டுக்காரிக்கு மாற்றல் வந்திடுச்சு. குடும்பத்தோட கிளம்பறோம்."

"பின்னாடி ரூம்?"

"கடையோட சேர்ந்ததுதான மாமா அதுவும்."

நல்லது, போய்ட்டு வாங்க என்றோ என்னவோ சொன்னேன். மொட்டை மாடி வெயிலில் கொஞ்சநேரம் நின்றேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. டைல்ஸ் கடை அவன் அப்பா காலத்தது. கடைக்குப் பின்னால் டைல்ஸ் பெட்டி அடுக்கும் அறையில்தான் இருபத்தாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் வாசித்துப் பதிவு செய்துவருகிறோம். பாட்டெழுதுவது, மெட்டுப் போடுவது, கிட்டார் எல்லாம் நான். அடிநாதம் கொடுக்கும் பேஸும் பதிவு வேலையும் மச்சான். கீபோர்டு, என்னோடு பள்ளியில் படித்து அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராகிவிட்டவன். பாடுவது மருந்துக்கடை வைத்திருக்கும் பெண். அவளுக்கு எங்களிடையே பெயரே மருந்துக்கடைதான். தாளத்துக்கு ஆள் அமையவில்லை. ஒரு பெட்டி தட்டிக்கொடுக்கிறது.

எனக்குத் தெரிந்ததையே எனக்கு ஏன் எழுதிக்கொள்கிறேன்? முடியப்போகிறது என்றதும் ஒருமுறை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று யாரும் வாசிக்கவில்லை. மச்சான் பதிவுக் கணினியையே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டான்.

"எல்லாம் இதுலதான் மாமா இருக்கு. பழைய கேசட்டையும் ஏத்தி வெச்சிருக்கேன். பாட்டு உங்களோடது, உங்ககிட்ட இருக்கறதுதான் முறை."

அதைச் சொல்லும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. பிரிகிற வருத்தம் என்று நினைத்தேன்.

சுவரில் ஒலிக்காக ஆணியடித்திருந்த பழைய மெத்தைகளைக் கழற்றிக் கட்டி வைத்திருக்கிறான். மெத்தை இல்லாத சுவரைப் பார்த்தால் மொட்டையடித்த தலை மாதிரி இருக்கிறது. பேசினால் குரல் திரும்பி வருகிறது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "இத எங்க வெக்கப் போறீங்க?" தையல் மிஷின் பக்கத்தில் வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மிஷினைத் தள்ளி இடம் கொடுத்தாள்.

பிப்ரவரி 14, புதன்

வேலை. வேலை. கணினியைத் திறக்க நேரமில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஞாயிறு மதியம் வீட்டில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. கணினியைப் போட்டேன். மொத்தம் அறுபத்து மூன்று பாட்டு. எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரே தொகுப்பாக்கி ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்று திட்டம். வேறு யார் கேட்கப்போகிறார்கள்? இருபத்தாறு வருடத்தில் ஒன்பது மேடை. அதில் ஒன்றில் பந்தல்காரர் வந்து காதில் சொன்னார்: "தம்பி, சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க, சாப்பிடறவங்க பேசிக்க முடியல." நாங்கள் போட்ட குறுந்தகடுகளில் பாதிக்கு மேல் இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. தூசிக்காக மனைவி பழைய துப்பட்டா போட்டு மூடியிருக்கிறாள்.

முதல் கேசட்டைக் கேட்டேன். ஆறு பாட்டில் பதினோரு நிலா! இருபத்தைந்து வயதில் வேறு ஒன்றுமே கண்ணில் படவில்லை போலிருக்கிறது. ஆனால் கிட்டார் — அதைச் சொல்லியாக வேண்டும். விரல் ஓடியிருக்கிறது.

நடுவில் கை அடிபட்டது. பதின்மூன்று வருடத்துக்கு முன், லிஃப்ட் கதவின் கப்பியில் இடது கை மாட்டி மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கின. இன்றும் அவை முழுதாக மடங்காது. ஆறு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து, விரலில் ரத்தம் கட்ட மறுபடி பழகினேன். திரும்பிப் போன அன்று எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு செய்தது முப்பத்தொரு பாட்டு. என் வாழ்க்கையில் நான் பெருமையாக நினைப்பது அந்த முப்பத்தொன்றைத்தான். அடுத்த வாரம் அவற்றைக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 24, சனி

மதியத்தோடு வேலை முடிந்தது.

கணினியில் ஒவ்வொரு பாட்டும் கோடு கோடாகப் பிரிந்து தெரிகிறது. குரலுக்கு ஒரு கோடு, கீபோர்டுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று. கிட்டாருக்கு இரண்டு. மேலே இருக்கும் கோட்டில் என் பெயர். கீழே "கிட்டார் 2". நான் ஒரு தடவைதானே வாசிப்பேன், இரண்டாவது எதற்கு என்று பார்த்தேன். என் கோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. மியூட். அணைத்து வைத்திருக்கிறார்கள்.

கை தவறிப் பட்டிருக்கும். அடுத்த பாட்டைத் திறந்தேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

முப்பத்தொரு பாட்டையும் திறந்து பார்த்துவிட்டேன். முப்பத்தொன்றிலும் சிவப்பு.

கை அடிபடுவதற்கு முந்தையவற்றில் ஒன்றில்கூட இல்லை.

ஒரு பாட்டில் சிவப்பை எடுத்துவிட்டுக் "கிட்டார் 2"ஐ அணைத்துக் கேட்டேன். என்ன சொல்வது. பெட்டியின் தாளம் ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். கார்ட் மாறி விரல் நகர வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் பிந்துகிறேன், பிறகு ஓடிப் பிடிக்கிறேன், மறுபடி பிந்துகிறேன். பேருந்தைத் துரத்தும் ஆள் மாதிரி. தந்தி சரியாக அழுந்தாமல் டப் டப் என்கிறது.

நான் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்த கிட்டார் என்னுடையதில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

வேலைக்குப் போனேன். மூன்று கட்டடம். 

பிப்ரவரி 28, புதன்

காலையில் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பியதும் மறுபடி போட்டேன். என் கோட்டை மட்டும். ஒவ்வொன்றாக. எதற்கு என்று கேட்டால் தெரியாது. புண்ணை நோண்டுகிற மாதிரிதான்.

பதிவு நடக்கும்போது மின்விசிறி சுற்றக்கூடாது, மைக்கில் விழும். அதன் சுவிட்சு கடைப்பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் வேர்த்து ஊற்றும். நான்தான் எழுந்துபோய் போட்டுவிட்டு வருவேன். ஆனால் மச்சான் உடனே பதிவை நிறுத்துவதில்லை. என் ஸ்டூலுக்கு முன்னால் என் மைக் திறந்தே இருந்திருக்கிறது. அணைக்கப்போகிற கோடுதானே, அதை யார் வெட்டிச் சுத்தம் செய்யப்போகிறார்கள்?

நாற்பதாவது பாட்டு. கடைசித் தந்தி அடங்குகிறது. ஸ்டூல் தரையில் இழுபடுகிறது. கதவு. பிறகு வாத்தியார் குரல்: "இன்னிக்கும் ரெண்டாவது சரணத்துல விட்டுட்டான்."

மருந்துக்கடை: "அண்ணாகிட்ட சொல்லிட்டா என்ன? எனக்குப் பாவமா இருக்கு."

மச்சான்: "விடுங்க. திங்கக்கிழமை நான் போட்டுடறேன், எப்பவும் போல."

பிளாஸ்க் மூடி திருகுகிற சத்தம். அப்புறம் அவள். ஒவ்வொரு ஞாயிறும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து டைல்ஸ் பெட்டி மேல் உட்காருவாளே, என் மனைவி. அவள் குரல்.

"யாரும் சொல்லாதீங்க. அவருக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

அதன்பின் மின்விசிறி சுற்ற ஆரம்பிக்கும் சத்தம். நான் போட்டது.

பிப்ரவரி 29, வியாழன்

மகளுக்குப் போன் செய்தேன். அவள் வேலை பார்க்கும் ஊரில் மழையாம். மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டேன்: "என் கிட்டார் விஷயம் உனக்குத் தெரியுமாம்மா?"

"எந்த விஷயம்ப்பா?"

கணினியில் பார்த்துவிட்டேன் என்றேன்.  "தெரியும்ப்பா" என்றாள். பத்தாவது படிக்கும்போதே தெரியுமாம்.

மார்ச் 2, சனி

கேட்டுவிட்டேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"எத்தனை வருஷமா?"

"கை அடிபட்டதுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொல்லி?"

"சொல்லி என்னவா? நான் வாசிக்கறத நிறுத்தியிருப்பேன்ல!"

"அதனாலதான் சொல்லல."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்! அவள் தொழிலே அது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள். அவள் குத்தினால் தெரியவே தெரியாது என்று ஆட்கள் அவளுக்காகவே வரிசையில் காத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் குத்தியிருக்கிறாள். பதின்மூணு வருஷம். ஊரே சேந்து. பெத்த பொண்ணுக்குத் தெரியும், தெருவுல போற மருந்துக்கடைக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் ஒரு பைத்தியக்காரன், வாராவாரம் கிட்டார தூக்கிக்கிட்டுப் போயி, வேர்க்க விறுவிறுக்க வாசிச்சு, "இன்னிக்கு நல்லா வந்துச்சுல்ல?"ன்னு எல்லார் மூஞ்சியையும் பாத்து — அவங்களும் தலைய ஆட்டி —

"இது ஒண்ணுதான் இருக்குன்னியே, அப்ப நீ யாரு? பொண்ணு யாரு? நாங்க குடும்பம் நடத்தலையா?" என்று கத்தினேன்.

கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரில கட்டுப் பிரிச்ச அன்னிக்கு டாக்டர்கிட்ட முதல்ல என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா? வேலைக்குப் போலாமான்னு கேக்கல. பொண்ணு பயந்துபோய் அழுதிட்டிருந்தா, அவளக் கூப்பிடல. கிட்டார் பிடிக்க வருமான்னு கேட்டீங்க. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

மார்ச் 3, ஞாயிறு

மச்சான் வந்தான். அக்கா சொல்லியிருப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான்.

"உள்ள வா."

வந்தான். உட்காரவில்லை.

"உனக்குக் கிட்டார் எங்க தெரியும்?" என்று கேட்டேன். வேறு கேள்வியே கிடைக்கவில்லை எனக்கு.

"நீங்கதான மாமா கத்துக்குடுத்தீங்க. உங்க கல்யாணம் முடிஞ்சு எங்க வீட்டுல வந்து தங்கினீங்களே, அப்ப. நான் எட்டாவது."

அது நினைவிருக்கிறது. ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன்.

"திங்கக்கிழமை கடை சாத்தினதும் வாசிப்பேன் மாமா. என் இஷ்டத்துக்கு வாசிக்கல. பழைய கேசட்டப் போட்டுக் கேட்டுக் கேட்டு, அடிபடறதுக்கு முன்னாடி நீங்க எப்படி வாசிப்பீங்களோ அப்படியேதான். உங்களுக்கே வித்தியாசம் தெரியக்கூடாதுன்னு."

தெரியவில்லை. அதுதான். ஒருமுறை, ஒன்பதாவது தொகுப்பு என்று நினைக்கிறேன், கலந்து முடித்ததை எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். நடுவில் ஒரு தனி வாசிப்பு வரும். நான் மச்சான் தோளைத் தட்டி, "இந்த வயசிலயும் விரல் சொன்னதக் கேக்குது பாத்தியா?" என்றேன். "ஆமா மாமா" என்றான்.

இன்று அதை நினைத்து உடம்பெல்லாம் கூசுகிறது. போகும்போது, "கணினிய உங்ககிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது கோட்ட மட்டும் வெச்சுட்டு மேல இருக்கறத அழிச்சிருக்கலாம். மூணு நாள் யோசிச்சேன். உங்க கை வாசிச்சத அழிக்க எனக்கு மனசு வரல" என்றான்.

கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

கிட்டாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றினேன்.

மார்ச் 8, வெள்ளி

மதியம் வாத்தியார் வந்தான். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, நான் வேலை பார்க்கும் கட்டடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு. லிஃப்டை நான் நிறுத்தி வைத்திருந்ததால் எட்டு மாடி ஏறி, மொட்டை மாடி மிஷின் ரூமுக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான்.

"முட்டி போச்சுடா உன்னால."

நான் திரும்பவில்லை. கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் உன் நல்லதுக்காகத்தான் மறைச்சாங்கன்னு நினைச்சு உருகிடாத. உன் பொண்டாட்டி, மச்சான், அவங்க வேற. நான் எனக்காகத்தான் வாய மூடிக்கிட்டிருந்தேன்."

"என்ன உனக்காக?"

"நீ விலகிட்டா பாட்டு யார்டா எழுதுவா? என்னால ஒரு வரி வராது. உன் மச்சானாலயும் முடியாது. வாரம் பூரா அதே கரும்பலகை, அதே கணக்கு, முப்பது வருஷமா அதே விடை. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம்தான் நான் மனுஷன். நீ மனசு உடைஞ்சு போயிட்டா எனக்கு அதுவும் இல்ல. அதான் சொல்லல. போதுமா?"

முதல்முறையாக யாரோ உண்மை பேசுகிற மாதிரி இருந்தது. கீழே உட்கார்ந்தேன். அவனும் கால்சட்டையில் கிரீஸ் படும் என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்தான்.

"பாட்டாவது நல்லாருக்கா?"

"சிலது."

"எத்தனை?"

"அஞ்சாறு."

"அறுபத்து மூணுலயா?"

"கணக்கு வாத்தியார்கிட்டயே கேக்கற பாரு" என்றான்.

சிரித்துவிட்டேன். சிரித்து முடிந்ததும் எண்ணெய்க் குப்பியை மூடினேன். அஞ்சாறு.

மார்ச் 10, ஞாயிறு

அந்த அஞ்சாறு எவை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இரண்டு வாரமாக வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. சாவி எங்க, தண்ணி வந்துச்சா. இன்று மதியம் அடுக்களை வாசலில் அவள் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்க? எல்லாத்தையும் இன்னிக்கே சொல்லிடு. தவணை முறையில வேணாம்."

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"உங்க பாட்டு எனக்குப் பிடிக்காது."

"எந்தப் பாட்டு?"

"எல்லாமே. உங்க பாட்டுன்னு இல்ல, யார் பாட்டும். சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எனக்குத் தலை கனக்கும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். எங்கம்மாவுக்குத் தெரியும்."

 ஒவ்வொரு புதுப் பாட்டையும் முதலில் இவளிடம்தான் பாடிக் காட்டுவேன். "நல்லாருக்கு" என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அடுத்ததை எழுதுவேன்.

"அப்ப எதுக்கு வந்த? இருபத்தாறு வருஷம், வாராவாரம், மழையில, காய்ச்சல்ல?"

கத்தியைக் கீழே வைத்தாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்றும் உயரவில்லை. 

"பாட்டே பிடிக்காத ஒருத்தி இருபத்தாறு வருஷம் அந்த டைல்ஸ் பெட்டி மேல வந்து உக்காந்திருந்தேன். அதுக்கு நீங்க என்ன பேரு வெப்பீங்க? நீங்கதான பாட்டெழுதறவரு. சொல்லுங்க."

  பின்கட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் மூடிவிட்டு வந்தேன். வந்தபோது அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்திருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மார்ச் 21, வியாழன்

மருந்துக்கடை போன் செய்தாள். "அண்ணா, அறையைப் பூட்டறதுக்குள்ள கடைசியா ஒண்ணே ஒண்ணு. நீங்க வாசிக்க வேணாம், பேச வேணாம். சும்மா வாங்க." வரவில்லை என்றேன்.

மார்ச் 24, ஞாயிறு

போனேன். கிட்டார் இல்லாமல் அந்தக் கதவுக்குள் நுழைவது, சட்டை போடாமல் தெருவில் நடப்பது மாதிரி இருந்தது.

அறை காலி. கீபோர்டு, பேஸ், தாளப் பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், இன்னும் லாரியில் ஏறாத நாலு டைல்ஸ் பெட்டி. என் ஸ்டூல் இல்லை. யாரோ முன்யோசனையாக எடுத்துவிட்டிருந்தார்கள். மனைவி வழக்கமான பெட்டி மேல் உட்கார்ந்தாள். நான் பக்கத்துப் பெட்டி மேல் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் உட்கார்வது முதல் தடவை. அட்டைப்பெட்டியின் விளிம்பு தொடையில் குத்துகிறது.

மச்சான் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல பதிவு பண்ணவா மாமா?" என்றான். வேண்டாம் என்றேன். அப்புறம் தயங்கி, "கிட்டார்...?" என்றான்.

"நீயே வாசி. பேஸ் இல்லாட்டிப் பரவால்ல."

சுவர் மூலையிலிருந்து அவனுடைய கிட்டாரை எடுத்தான். நான் பார்க்க அவன் அதைத் தொட்டதில்லை. மடியில் வைத்ததும் தோள் சாய்ந்த விதம் — என் சாய்வு. என்னை நானே முதுகுப்பக்கமிருந்து பார்க்கிற மாதிரி.

ஐம்பத்திரண்டாவது பாட்டை எடுத்தார்கள். லிஃப்டைப் பற்றியது. "ஏறும்போதும் இதே கதவு, இறங்கும்போதும் இதே கதவு" என்று வரும். அஞ்சாறில் இது ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டேன். மெத்தை இல்லாத சுவரில் சத்தம் மோதி மோதி வந்தது. மச்சான் ஓரிடத்திலும் பிந்தவில்லை. மருந்துக்கடைக்கு மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது, அவளுக்கும் வயதாகிறது. பாட்டு... சுமாரான பாட்டுதான். இரண்டாவது சரணம் எதுகைக்காக எழுதியது, பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. இதை எழுதிய அன்று நான் தரையில் கால் பாவாமல் வீட்டுக்குப் போனேன்.

பாதியில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி, கட்டைவிரலால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளா? கிட்டாரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

பாட்டு முடிந்தது.  எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. நான் எழுந்து, கடைப்பக்கம் போய், மின்விசிறியைப் போட்டேன். பேசுவதாக இருந்தால் பேசிக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே திரும்பினேன்.

யாரும் ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 30, சனி

லாரி போய்விட்டது. மச்சான் என் காலில் விழப் பார்த்தான். தோளைப் பிடித்து நிறுத்தினேன். "வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு" என்றேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

தொகுப்பு போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கணினியை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்தாயிற்று. தையல் மிஷின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 27, சனி

பேருந்தில் வாத்தியாரைப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டு கையையும் பை மேல் வைத்திருந்தான். விரல்கள் பை மேல் வாசித்துக்கொண்டிருந்தன. நான் பின்வாசலிலேயே இறங்கிவிட்டேன்.

மே 12, ஞாயிறு

நாலு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அதே நாலு வரியை மறுபடி எழுதி மறுபடி அடித்தேன்.

கையினால் இல்லை. கை பதின்மூன்று வருடமாக இப்படித்தான் இருக்கிறது. அதோடுதான் முப்பத்தொரு பாட்டு எழுதியிருக்கிறேன். நன்றாக வருகிறது என்ற நினைப்புதான் எழுதிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பு போய்விட்டது. அது போன இடத்தில் வேறொன்றும் வந்து உட்காரவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி மதியமெல்லாம் மனசு அங்கேயே போய்ப் போய் வருகிறது.

உண்மை தெரிந்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாமோ? அவர்கள் செய்தது சரிதானோ? இன்றைக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நாளைக்கு எப்படியோ.

மே 19, ஞாயிறு

ஞாயிறு வேலை முறைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மேற்பார்வையாளர் நம்பவில்லை. "ஞாயித்துக்கிழமைன்னா செத்தாலும் வரமாட்டீங்களே?" என்றார். இனிமேல் வருவேன் என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் நடுவில் நின்று ஒரு வயதான புருஷனும் பெண்டாட்டியும் மாட்டிக்கொண்டார்கள். கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்துவிட்டு, மேலே போய் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி மாடி மட்டத்துக்கு இறக்கினேன். இருபது நிமிடம். அந்த அம்மா வெளியே வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புருஷன் தண்ணீர் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வீட்டுக்குள் போனார்கள். என் பக்கம் திரும்பவில்லை. அதில் ஒன்றும் குறையில்லை. லிஃப்ட் ஓடுகிறது.

ஐந்து மணிக்கு மனைவியிடமிருந்து போன். இன்று அவளுக்கும் வேலை.

"எங்க இருக்கீங்க?"

சொன்னேன்.

"பக்கம்தான். வாசல்ல வந்து நிக்கறேன்."

நான் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது காவல்காரர் அறையின் நிழலில் ஒதுங்கி நின்றிருந்தாள். நடந்தோம். ஞாயிறு சாயங்காலம் இந்தத் தெருக்கள் இப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. பாதி கடை சாத்தியிருக்கிறது. ஒரு வீட்டில் யாரோ ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பேசவில்லை. அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு இன்னும் பழகவில்லை.

இரண்டு தெரு தாண்டியதும் அவள் நடை கொஞ்சம் இழுபட்ட மாதிரி தெரிந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை.

"கால் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றாள், மறைக்காமல்.

நின்று பேருந்து ஏறினோம்.